வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ணணுமா? எம்ஓயுவுல ஆரம்பிக்காதீங்க

புதுசா வேலைக்குச் சேர்ந்த அசிஸ்டென்ட் புரொபசர்ங்க, பிஎச்டி முடிக்கிற கட்டத்துல இருக்குறவங்க அடிக்கடி எங்கிட்ட கேக்குறது இதுதான்: ஆப்பிரிக்காவுலயோ இலங்கையிலயோ வங்கதேசத்துலயோ இருக்குற ஒரு யுனிவர்சிட்டியோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ணணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது மேடம்? கேக்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கையில ஏற்கெனவே ஒரு எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், டிராஃப்ட் இருக்கும். அதை முதல்ல ஓரமா வைங்கன்னுதான் நான் சொல்வேன். கையெழுத்து ஆகி, ரெண்டு பக்கத்து துணைவேந்தரும் கை குலுக்குன போட்டோவை காரிடர்ல மாட்டி, அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு டேட்டா ஷீட் கூட அங்கயும் இங்கயும் போகாம காலாவதி ஆன ஒப்பந்தங்களை நிறைய பார்த்திருக்கேன். நாக் தரமதிப்பீட்டுக்குக் கணக்கு காட்டணும்னு அவசரமா போடுறாங்க, அதுக்குள்ள உக்காந்து வேலை பார்க்கப்போற ரெண்டு மனுஷங்க யாருன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

நான் பூச்சியியல்ல இருக்கேன். உகாண்டாவுல ஒரு யுனிவர்சிட்டி ஆளுங்களோட மக்காச்சோளப் படைப்புழு மேல சேர்ந்து வேலை பார்க்குறேன். அதனால இங்க சொல்றது எல்லாம் விவசாயப் பக்கத்து உதாரணமாவே வரும், உங்க துறை வேறன்னாலும் முறை பெரிசா மாறாது.

ஏன் நேரா அவங்களோட சேரணும்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இது மனசுல பதியலேன்னா பாதியில விட்டுடுவீங்க. இந்தப் படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016 தொடக்கத்துல நைஜீரியா பக்கம் கண்டுபிடிச்சாங்க, ரெண்டே வருஷத்துல சகாராவுக்குத் தெற்க கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் பரவிடுச்சு, 2018 மே மாசம் கர்நாடகாவுல தெரிஞ்சுது, அதே வருஷம் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்துல பூந்துடுச்சு, இலங்கைக்கும் போயிடுச்சு, அங்க சேனா படைப்புழுன்னு சொல்வாங்க. ஆக நமக்கு வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே உகாண்டா, கென்யா விவசாயிங்க இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. குருத்துக்குள்ள மணல் போடுறது, சாம்பல் போடுறது, பயிருக்கு நடுவுல டெஸ்மோடியம்ங்கிற தீவனச் செடி விதைச்சு வரப்புல புல் வச்சு பூச்சியை வெளியே இழுக்குறதுன்னு பலதைச் செஞ்சு பார்த்திருந்தாங்க. இந்தக் கடைசி முறை நைரோபில இருக்குற இசிபே ஆராய்ச்சி மையம் தண்டுத் துளைப்பான்ங்கிற வேற பூச்சிக்காக வளர்த்தெடுத்தது, படைப்புழுவுக்கும் கேக்குதுன்னு 2018-லயே பேப்பர் வந்தாச்சு. நாங்க இங்க அப்போ என்ன பண்ணோம்னா அமெரிக்கப் பேப்பரைத் தேடித் தேடிப் படிச்சோம். அங்க ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணை, மரபணு மாத்தின மக்காச்சோளம். நம்ம ரெண்டு ஏக்கர் விவசாயிக்கு ஒத்து வர்ற அனுபவம் முழுக்க கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்துச்சு, ஒரு மெயில் போட்டிருந்தா கிடைச்சிருக்கும். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

முதல்ல ஒரே ஒரு கேள்வியைப் பிடிங்க

"பருவநிலை மாற்றமும் நீடித்த வேளாண்மையும்" மாதிரி தலைப்பு வேணாம். ரெண்டு ஊர்லயும் இருக்குற, ரெண்டு பேரும் சேர்ந்தா மட்டுமே பதில் கிடைக்கக்கூடிய ஒரு கேள்வி வேணும். எங்களோடது இது: டெலினோமஸ் ரீமஸ்னு ஒரு குட்டிக் குளவி, படைப்புழுவோட முட்டைக் குவியல்மேல உக்காந்து முட்டைக்குள்ளயே முட்டை வச்சு அதை அழிச்சிடும், அது ஆப்பிரிக்காவுலயும் இருக்கு இந்தியாவுலயும் இருக்கு. மருந்து அடிச்ச வயல்ல எவ்வளவு மிஞ்சுது, அடிக்காத வயல்ல எவ்வளவு இருக்கு, ரெண்டு நாட்டுலயும் ஒரே மாதிரிதானா? அவ்வளவுதான். ஒரு பக்கத்துல எழுதிடலாம், பக்கத்து வீட்டு ஆளுக்குக் கூடப் புரியும். உங்க கேள்வியை ஒரு பக்கத்துல எழுத முடியலேன்னா இன்னும் அது பழுக்கலைன்னு அர்த்தம்.

அடுத்து ஆளைத் தேடணும், யுனிவர்சிட்டியை இல்ல

பேர் பெத்த யுனிவர்சிட்டியோட இண்டர்நேஷனல் ஆபீசுக்கு மெயில் போட்டா பதில் வர்றது கஷ்டம். உங்க கேள்வியில கடந்த அஞ்சு வருஷத்துல பேப்பர் போட்ட ஆளைத் தேடுங்க, அதுலயும் பெரிய புரொபசரை விட, பிஎச்டி முடிச்சு நாலஞ்சு வருஷம் ஆன லெக்சரர்தான் சரியான ஆள், அவங்களுக்கும் உங்களை மாதிரியே பசி இருக்கும். ஆப்பிரிக்க விவசாய யுனிவர்சிட்டிங்களுக்கு ருஃபோரம்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, 2004-ல 10 யுனிவர்சிட்டியோட ஆரம்பிச்சது, இப்போ நூறைத் தாண்டிடுச்சு, தலைமையகம் கம்பாலாவுல மக்கெரேரே வளாகத்துல. அவங்க கூட்டங்களோட அறிக்கையைப் புரட்டினாலே யார் என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சிடும். பொதுவா எல்லாத் துறைக்கும்னா ட்வாஸ் இருக்கு, அப்துஸ் சலாம் 1983-ல இத்தாலி திரியெஸ்தேவுல ஆரம்பிச்ச அகாடமி, வளரும் நாட்டு ஆள் இன்னொரு வளரும் நாட்டு லேபுக்குப் போய் பிஎச்டி, போஸ்ட்டாக் பண்ண ஃபெலோஷிப் தருது. பெண்களா இருந்தா ஓடபிள்யுஎஸ்டிங்கிற, வளரும் நாட்டுப் பெண் விஞ்ஞானிங்களுக்கான அமைப்பையும் பாருங்க.

இதையெல்லாம் விட சுலபமான வழி ஒண்ணு இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல. இந்திய அரசோட ஐசிசிஆர் ஸ்காலர்ஷிப்ல வந்து நம்ம தமிழ்நாட்டு காலேஜ்ல படிச்சுட்டுப் போன ஆப்பிரிக்கப் பசங்க இருக்காங்களே, அவங்கள்ல பல பேர் ஊருக்குப் போய் வாத்தியார் ஆயிடறாங்க. எனக்குத் துணை கிடைச்சதும் அப்படித்தான், பக்கத்து காலேஜ்ல எம்எஸ்சி படிச்ச ஒருத்தர். முதல் போன்லயே "மேடம், சாம்பார் சாதம் இன்னும் மறக்கல"ன்னு ஆரம்பிச்சாரு. நம்ம ஆபீஸ்ல ஃபைல் எவ்வளவு மெதுவா நகரும்னு அவருக்கு விளக்கவே தேவையில்ல, அனுபவிச்சிருக்காரு. உங்க டிபார்ட்மெண்ட் பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை ஒரு நாள் எடுத்துப் பாருங்க.

முதல் மெயில் எப்படி இருக்கணும்னா, பத்து வரிக்கு மேல வேணாம். அவங்க பேப்பர்ல எந்த முடிவு உங்களை நிறுத்திப் படிக்க வச்சுது, உங்ககிட்ட அதே மாதிரி என்ன டேட்டா இருக்கு, ஒரு அரை மணி நேரம் பேசலாமா. பயோடேட்டா இணைக்காதீங்க, எம்ஓயு பத்தி மூச்சு விடாதீங்க. ரெண்டு வாரம் பதில் வரலேன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. மெயிலை விட வாட்ஸ்அப் வேகமா நடக்கும், நம்பர் கிடைச்சதும் அதுக்கு மாறிடுங்க, ஆனா முடிவு எடுத்த எதையும் மெயில்ல ஒரு தடவை எழுதி வச்சிடுங்க.

நேரம் பத்தி ஒண்ணு சொல்லணும். கம்பாலா, நைரோபி நம்மளை விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, கிழக்கு ஆப்பிரிக்காவுல சுவாஹிலில பேசுறப்போ மணியைக் காலை ஆறுல இருந்து எண்ணுவாங்க, அவங்க "ரெண்டு மணி"ன்னா நம்ம கணக்குல காலை எட்டு. எங்க ஸ்காலர் அங்க வயல்ல வேலை பார்க்குற ஒருத்தர்கிட்ட நேரடியா நேரம் பேசிட்டு, ஒரு மதியம் பூரா போன் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, அவரோ காலையிலேயே கூப்பிட்டு முடிச்சுட்டாரு. அன்னையில இருந்து 14:30 இந்தியா, 12:00 உகாண்டான்னு ரெண்டையும் எழுதித்தான் அனுப்புவோம்.

பணம் இல்லாம ஒரு சின்ன வேலை

இதுதான் முக்கியமான படி, இதைத் தாண்டிக் குதிக்காதீங்க. கிராண்ட் எழுதறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் கையில இருக்குறதை வச்சு ஒரு சீசன் சேர்ந்து வேலை பாருங்க. இந்த ஆளோட மூணு வருஷம் வேலை பார்க்க முடியுமான்னு அதுலதான் தெரியும், அவங்களுக்கும் உங்களைத் தெரியும்.

பருவம் ஒத்து வருதான்னு முதல்ல பாருங்க. உகாண்டாவுல பெரும்பாலான பகுதியில ரெண்டு மழை, மார்ச்சுல இருந்து மே வரைக்கும் ஒண்ணு, செப்டம்பர் வாக்குல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு. ரெண்டாவது மழையும் நம்ம புரட்டாசிப் பட்டத்து மானாவாரி மக்காச்சோளமும் கிட்டத்தட்ட ஒண்ணா ஓடுது, அதனால ரெண்டு நாட்டுலயும் ஒரே வாரத்துல கணக்கு எடுக்க முடிஞ்சுது. இது எங்களுக்கு அதிர்ஷ்டம், உங்க பயிருக்கு வேற மாதிரி இருக்கலாம், காலண்டரை விரிச்சு வச்சுப் பேசிக்கோங்க. யுனிவர்சிட்டி பரீட்சை, அவங்க எலெக்ஷன், நம்ம எலெக்ஷன் டியூட்டி எல்லாத்தையும் அதுல குறிங்க.

முதல் சீசன்ல நாங்க பண்ண தப்பைச் சொல்றேன். ரெண்டு பக்கமும் வயலுக்கு நூறு செடி பார்த்து குருத்து சேதத்துக்கு மார்க் போட்டோம். சந்தோஷமா ரெண்டு எக்செல் ஷீட்டையும் ஒண்ணா ஒட்டினா, அவங்க சேதம் எல்லாம் ஏழு எட்டுன்னு இருக்கு, எங்களுது ரெண்டு மூணு. அடேங்கப்பா அங்க இவ்வளவு மோசமான்னு நெனச்சு ஒரு வாரம் அதுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருந்தோம். அப்புறம் பார்த்தா அவங்க டேவிஸ் அளவுகோல்படி ஒன்பது வரைக்கும் போட்டிருக்காங்க, எங்க பசங்க அஞ்சு வரைக்கும். ஒரு சீசன் டேட்டாவை ஒண்ணா வச்சுப் பேச முடியாமப் போச்சு. அடுத்த சீசனுக்கு முன்னாடி ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு போட்டோ வச்சு ஒரு பக்க அட்டை தயார் பண்ணி, லேமினேட் போட்டு, ரெண்டு ஊர் வயலுக்கும் அதையே எடுத்துட்டுப் போனோம். புழுவை அடையாளம் பார்க்கவும் அதுலயே படம் போட்டோம்: தலையில தலைகீழா ஒரு ஒய் கோடு, வால் பக்கத்துல வயித்தோட எட்டாவது வளையத்துல சதுரமா நாலு கறுப்புப் புள்ளி. உகாண்டாவுல ஒரு பொண்ணு அந்த அட்டையை மழையில நனைஞ்ச கையால பிடிச்சு, புழு பக்கத்துல வச்சு எடுத்து அனுப்பின போட்டோ இன்னும் என் டேபிள்ல இருக்கு.

அதனால ஆரம்பிக்கிற அன்னைக்கே: ஒரே டேட்டா ஷீட், பத்தித் தலைப்பு ஒண்ணு, அலகு ஒண்ணு, தேதி எழுதுற முறை ஒண்ணு. ஏக்கரா ஹெக்டேரா, செண்டிகிரேடா ஃபாரன்ஹீட்டா, எதுவா இருந்தாலும் முடிவு பண்ணிடுங்க.

இப்போ பணம்

நாடு நாடா நடத்துற கூட்டுத் திட்டங்கள்ல பெரும்பாலும் ஒவ்வொரு நாடும் தன் பக்கத்து ஆளுக்குத் தானே குடுக்கும். நம்ம டிஎஸ்டி (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) திட்டங்கள்ல பொதுவா அனுப்புற நாடு ஃபிளைட் டிக்கெட், கூப்பிடுற நாடு தங்குற சாப்பிடுற செலவு. இந்தியா-இலங்கை கூட்டு ஆராய்ச்சிக்கும் இப்படி அழைப்பு வந்திருக்கு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, பேராதனைல இருக்குறவங்க இதைக் கவனிக்கலாம், மொழியும் தடை இல்ல. இதுல ஒரு ஆபத்து, ஒரு பக்கம் பணம் வந்துடும் இன்னொரு பக்கம் ஆறு மாசம் தாமதம் ஆகும். அதனால முதல் ஆறு மாச வேலையை எந்தப் பக்கமும் பெரிய செலவு இல்லாம நடக்குற மாதிரி பிளான் போடுங்க.

மூணாவது ஒரு பணக்கார நாடோ ஃபவுண்டேஷனோ குடுக்கிற பணம்னா, கனடாவோட ஐடிஆர்சிங்கிற ஆராய்ச்சி நிதி அமைப்பு மாதிரி இடங்கள் நேரா நம்ம மாதிரி நாட்டு நிறுவனத்துக்கே குடுக்கிற வழக்கம் வச்சிருக்கு. ஆனா இந்தியாவுல வெளிநாட்டுப் பணம் வாங்குறதைக் கட்டுப்படுத்துற எஃப்சிஆர்ஏ சட்டம் இருக்குறதை மறக்காதீங்க. ட்ரஸ்ட் நடத்துற காலேஜ்னா பதிவோ முன் அனுமதியோ இல்லாம அந்தப் பணத்தை வாங்க முடியாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்தி விடவும் முடியாது. "நாங்க வாங்கி உங்களுக்குப் பிரிச்சுத் தர்றோம்"னு பார்ட்னர்கிட்ட வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க அக்கவுண்ட்ஸ் ஆபீசரைப் பார்த்துடுங்க. அதே மாதிரி, செலவு பண்ணிட்டு பில் குடுத்தா பணம் தருவோம்ங்கிற திட்டங்கள்ல அந்தப் பக்கம் லெக்சரர் தன் சம்பளத்துல இருந்து பெட்ரோல் போட்டுக்கிட்டு இருப்பாரு. கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டாரு, நீங்கதான் கேக்கணும்.

எழுதி வைக்க வேண்டியது

ஒரு சீசன் முடிஞ்சு, பணத்துக்கு வழி தெரிஞ்ச பிறகு எம்ஓயு போடுங்க. எங்க டிராஃப்டை செக்‌ஷனுக்கு அனுப்பினப்போ அங்க இருந்த சூப்பிரண்டெண்ட் அண்ணன் ஒருத்தர் படிச்சுட்டு, "மேடம், நாலு பக்கத்துல பரஸ்பர நன்மைன்னு ஆறு இடத்துல இருக்கு. உடைஞ்ச மைக்ரோஸ்கோப்பை யாரு சரி பண்றதுன்னு ஒரு இடத்துலயும் இல்லையே?"ன்னாரு. நான் உக்காந்து திரும்ப எழுதினேன். அந்தக் கேள்விக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கேன்.

எம்ஓயு பொதுவா ரெண்டு பக்கம் இருந்தாப் போதும். அதுக்குக் கீழ ஒரு வேலைத்திட்டம் தனியா போட்டு அதுல நிஜமான விஷயத்தை எழுதுங்க. வாங்குற கருவி திட்டம் முடிஞ்சப்புறம் யார்கிட்ட இருக்கும். டேட்டா எங்க சேமிக்கிறோம், யார் திறக்கலாம், ஒரு பக்கம் கேக்காம இன்னொரு பக்கம் பேப்பர் போடலாமா. பேப்பர்ல பேர் எப்படி: இதை ஆரம்பத்துலயே பேசலேன்னா பின்னாடி உறவே உடையும். கிரெடிட்னு ஒரு வகைப்பாடு இருக்கு, ஆராய்ச்சி வேலையை 14 பங்கா பிரிக்குது, யோசனை, டேட்டா எடுத்தல், பகுப்பாய்வு, முதல் வரைவுன்னு. அதை ஒரு அட்டவணையா போட்டு யார் எதுன்னு நிரப்புங்க. எங்க திட்டத்துல ஒரு பேப்பருக்கு அவங்க ஸ்காலர் முதல் பேர், அடுத்ததுக்கு எங்க ஸ்காலர்னு முன்னாடியே முடிவாயிடுச்சு.

இதுல ஒண்ணு மனசு விட்டுச் சொல்லணும். வெளிநாட்டுக்காரன் வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போய் பேப்பர் போட்டுக்கிட்டு, நம்ம பேரை நன்றியுரையில போடுறதை ஹெலிகாப்டர் ஆராய்ச்சின்னு சொல்றோம், நமக்கு அது எவ்வளவு வலிச்சுதுன்னு தெரியும். ஆனா உகாண்டாவோ மலாவியோ முன்னாடி நிக்கிறப்போ நாமதான் பெரிய லேப், நாமதான் சீக்வென்சிங் மெஷின் வச்சிருக்கோம், அதே தப்பை நாமளே பண்ணிடுவோம். பகுப்பாய்வு எல்லாம் இங்க, புழு பொறுக்குறது எல்லாம் அங்கன்னு உங்க வேலைத்திட்டம் இருந்தா, அதைக் கிழிச்சுட்டு மறுபடி எழுதுங்க.

அனுமதி வாங்குற வேலை

இதுக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஒதுக்குங்க. உகாண்டாவுல முதல்ல அங்க உள்ள நெறிமுறைக் குழு ஒப்புதல், அப்புறம் யுஎன்சிஎஸ்டிங்கிற அந்த நாட்டு அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில்ல பதிவு. அதே மாதிரி அமைப்புதான் கென்யாவுல நாகோஸ்டி, அங்க லைசென்ஸ் வாங்கணும், தான்சானியாவுல கோஸ்டெக். விவசாயிங்கள பேட்டி எடுத்தாலே ரெண்டு நாட்டு நெறிமுறைக் குழுவும் வேணும். மருத்துவ ஆராய்ச்சின்னா நம்ம பக்கம் ஐசிஎம்ஆர் வழியா சுகாதார அமைச்சகத்தோட ஸ்கிரீனிங் கமிட்டி.

உயிரினம், விதை, மண்ணு, டிஎன்ஏ எதையாவது நாட்டுக்கு வெளியே அனுப்பணும்னா 2002 பல்லுயிர்ச் சட்டம் வரும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியிலதான் இருக்கு, நமக்குப் பக்கம், போய்க் கேளுங்க. அரசு நிறுவனங்களுக்கு நடுவுல மத்திய அரசு ஒப்புதலோட நடக்குற கூட்டு ஆராய்ச்சிக்கு 5-வது பிரிவுல விலக்கு இருக்கு, உங்க திட்டம் அதுல வருதான்னு பார்த்துக்கோங்க. உகாண்டாவும் நகோயா உடன்படிக்கையில இருக்குற நாடுதான், மரபு வளத்தையும் அதோட பலனையும் பகிர்றதுக்கான உலக ஒப்பந்தம் அது, 2014 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது, அதனால அவங்க பக்கத்து அனுமதியும் வேணும்.

எங்க சாம்பிள் கதை: எல்லாப் பேப்பரும் சரியா இருந்துச்சு, எத்தனால்ல ஊறின குளவிங்க ஒரு சின்ன டப்பாவுல கிளம்பி வந்துச்சு. ஆனா டப்பா மேல ஒட்டின கடிதத்துல வெறும் "பூச்சிகள்"னு எழுதியிருந்தாங்க. செத்தது, பதப்படுத்தினது, விலை மதிப்பில்லாதது, ஆராய்ச்சிக்கு மட்டும்னு எழுத நான் சொல்லாம விட்டுட்டேன். கார்கோவுல 19 நாள் கிடந்துச்சு, கையில வர்றப்போ பாதி குப்பியில எத்தனால் ஆவியாகி குளவி கருகின எள்ளு மாதிரி அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. விமானத்துல எத்தனால் எரியற சரக்கு, ஏ180ங்கிற சிறப்பு விதிப்படி குப்பிக்கு 30 மில்லிக்குள்ள வச்சு கட்டினாத்தான் எடுப்பாங்க, அதையும் கொரியர்காரங்ககிட்ட முன்னாடியே பேசிக்கோங்க. இதுக்கப்புறம் நாங்க முறையை மாத்திட்டோம். டிஎன்ஏ எடுக்குறது அங்கயே, அவங்க ஸ்காலர் இங்க மூணு மாசம் இருந்து கத்துக்கிட்டுப் போய் அங்கயே பண்றாங்க, குளவி எதுவும் பறக்குறதில்ல.

ஆளுங்க போய் வர்றது

அங்கேருந்து வர்றவங்க டூரிஸ்ட் விசாவுல வந்து லேப்ல வேலை பார்க்கக் கூடாது, ரிசர்ச் விசா வேணும், உங்க யுனிவர்சிட்டி கடிதம் சீக்கிரமே குடுங்க. நீங்க உகாண்டா போறதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், அந்த மஞ்சள் கார்டு இல்லாம திரும்பி வந்தா இந்தியாவுல தனிமைப்படுத்திடுவாங்க. ஊசி போட்டு பத்தாவது நாள்தான் கார்டு செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, எந்த நாள், முன்பதிவு உண்டான்னு கேட்டுட்டுப் போங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்.

ஸ்காலருங்களைத்தான் அதிகம் அனுப்புங்க, நாம போறதைக் குறைச்சுக்கலாம். புரொபசர் போனா அஞ்சு நாள், நாலு மீட்டிங், ஒரு விருந்து. ஸ்காலர் மூணு மாசம் போனா அங்க வயல்ல எப்படி நடக்கணும்னு கத்துக்கிட்டு வருவாங்க, கூட ரெண்டு சிநேகிதமும்.

பேப்பரும் அதுக்கப்புறமும்

பேப்பரை எல்லாரும் இலவசமா படிக்க விடறதுக்கு ஜர்னல் ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் கேட்டா பயந்துடாதீங்க. உகாண்டா மாதிரி நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் முழுசா தள்ளுபடி தர்றாங்க, இந்தியாவுக்குக் கிடையாது. ஜர்னலோட பேசுற பொறுப்புல இருக்குற கரஸ்பாண்டிங் ஆத்தர் அந்தப் பக்கத்து ஆளா இருக்குற பேப்பர்ல அது கிடைக்கும், ஆனா அவங்கதான் நிஜமாவே அந்த வேலையை முன்ன நின்னு நடத்தினவங்களா இருக்கணும், காசுக்காகப் பேரை மாத்திப் போடக் கூடாது. ஜர்னல் போலியான்னு ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. யுசி (பணத்தைச் செலவு பண்ணதுக்கான சான்று), ஆடிட் எல்லாம் ரெண்டு நாட்டுக்கும் வேற வேற தேதி, நம்ம நிதியாண்டு மார்ச்சுல முடியுது, உகாண்டாவுல ஜூன்ல, அதையும் அந்தக் காலண்டர்லயே குறிச்சிடுங்க.

முடிவு வந்ததும் டேட்டா எடுக்க விட்ட விவசாயிங்ககிட்ட திரும்பப் போங்க. நாங்க அந்த லேமினேட் அட்டையை, பின்பக்கம் முடிவை எழுதி, பெரம்பலூர் பக்கம் தமிழ்லயும் அங்க லுகாண்டா மொழிலயும் அச்சடிச்சுக் குடுத்தோம். மருந்து அடிக்காத வயல்ல குளவி உக்காந்த முட்டைக் குவியல் எப்படிக் கறுத்து இருக்கும்னு அதுல படம் இருக்கு, அதைப் பார்த்தா அடுத்த வாரத்து மருந்தடிப்பைத் தள்ளிப் போடலாம்னு ரெண்டு வரி. நேத்து அங்க இருக்குற எங்க பார்ட்னர்கிட்டேருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு, மழை இறங்கிடுச்சாம், இந்த வாரம் விதைக்கிறாங்களாம், அட்டை இன்னும் நாப்பது வேணும்னாரு.